ஈறில் இரத்தம் வருகிறதா? பல் ஆடும் வரை காத்திருக்க வேண்டாம்

பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் இரத்தம் கலந்து வந்தால் நம்மவர்களில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரஷ் குத்திவிட்டது, உடம்புச் சூடு என்று ஏதாவது காரணம் சொல்லி விட்டுவிடுகிறார்கள். வலி இல்லை, பல்லில் சொத்தையும் இல்லை, பிறகு எதற்குக் கிளினிக் என்பதே பலரின் எண்ணம். சில ஆண்டுகள் கழித்து முன்பல் ஆடத் தொடங்கும்போதுதான் மருத்துவரைத் தேடுகிறார்கள். பல்லைத் தாங்கும் எலும்பு அதற்குள் பாதிக்கு மேல் கரைந்திருக்கும். அந்த நிலையில் பல்லைக் காப்பாற்றும் வழிகள் மிகக் குறைவு.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் உள்ள உலு திராம், ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். பால்மரமும் செம்பனையும் இருந்த நிலங்களில் இன்று தாமான்கள் எழுந்துள்ளன. இங்குள்ளவர்களில் பலர் சிங்கப்பூருக்கும் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்கள். காலையில் அவசரமாகப் பல் துலக்கி, இரவில் களைத்து வந்து அப்படியே படுத்துவிடும் வாழ்க்கையில் வாய்ச் சுகாதாரம் பின்னுக்குப் போய்விடுகிறது. ஈறு நோய் வளர்வதற்கு இதுவே தோதான சூழல்.

நாட்டின் நிலை என்ன?

சுகாதார அமைச்சு 2010இல் பெரியவர்களிடம் நடத்திய தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, 94 விழுக்காட்டினரிடம் ஏதோ ஒரு நிலையில் ஈறு சார்ந்த பாதிப்பு இருந்தது. இதில் லேசான இரத்தக் கசிவும் பற்காரையும் அடங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு வரை பரவிய நோய் 48.5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. 18.2 விழுக்காட்டினருக்கு அது கடுமையான நிலையில் இருந்தது. ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் பல்லை இழக்கும் ஆபத்தில் இருந்தார் என்பது இதன் பொருள்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. உலகில் 100 கோடிக்கும் அதிகமானோர் கடுமையான ஈறு நோயால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது.

ஈறு நோய் எப்படி வருகிறது?

நாம் உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் பற்களின் மேல் கிருமிகள் சேர்ந்து வழவழப்பான ஒரு படலமாகப் படிந்துகொண்டே இருக்கும். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் தெரியும் பிசுபிசுப்பு அதுதான். இதைப் பற்படலம் என்பார்கள். பிரஷால் தேய்த்தால் இது போய்விடும். போகாமல் தங்கினால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லைப் போல இறுகிவிடும். இதுவே பற்காரை. காரை கட்டிவிட்டால் எந்தப் பிரஷாலும் பற்பசையாலும் அதை நீக்க முடியாது. பல் மருத்துவரின் கருவிதான் வேண்டும்.

ஈறின் ஓரத்தில் தங்கும் கிருமிகளை எதிர்த்து உடல் போராடும்போது ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இந்த முதல் கட்டத்துக்கு ஈறு அழற்சி என்று பெயர். இந்நிலையில் எலும்பு பாதிக்கப்படுவதில்லை. ஒழுங்காகச் சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1965இல் டென்மார்க்கில் இதை நிரூபித்தார்கள். நல்ல ஈறுகள் உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் சரியாயின. ஈறில் இரத்தம் வருவதற்கு உடம்புச் சூடு காரணமல்ல, பல்லில் தங்கும் கிருமிப் படலமே காரணம் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

அழற்சி நீடித்தால் சிலருக்கு இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து, இடையில் பை போன்ற பள்ளம் உண்டாகிறது. அந்தப் பைக்குள் பிரஷ் எட்டாது. உள்ளே கிருமிகள் பெருகும். பல்லைப் பிடித்து நிறுத்தும் நாரும் எலும்பும் மெல்ல மெல்லக் கரையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. நோயை அந்த இடத்தில் நிறுத்தி வைக்கத்தான் சிகிச்சை உதவும். அதனால்தான் முதல் கட்டத்திலேயே கவனிக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது.

தேயிலைத் தோட்டத் தமிழர்கள் சொன்ன பாடம்

ஈறு நோயைப் பற்றி உலகப் பல் மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு, தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டது. இலங்கை மலையகத்தில் டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களை அதே ஹரால்ட் லோ குழுவினர் 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அந்தத் தொழிலாளர்களிடம் பிரஷால் பல் துலக்கும் வழக்கம் இல்லை. பல் மருத்துவ வசதியும் அவர்களுக்குக் கிட்டவில்லை. சிகிச்சையே இல்லாமல் விட்டால் ஈறு நோய் எப்படி வளரும் என்பதை உலகம் அவர்களின் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டது.

1986இல் வெளியான முடிவுகளின்படி, ஏறக்குறைய அனைவருக்கும் பற்காரையும் ஈறு அழற்சியும் இருந்தன. ஆனால் நோயின் வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. 11 விழுக்காட்டினருக்கு நோய் அழற்சியைத் தாண்டவே இல்லை. 81 விழுக்காட்டினருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 8 விழுக்காட்டினருக்கு மிக வேகமாகப் பரவியது. வேகமாகப் பரவியவர்களுக்கு 35 வயதில் பல்லின் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் அளவுக்கும் 45 வயதில் 13 மில்லிமீட்டர் அளவுக்கும் போயிருந்தது. மிதமான பிரிவினர் 45 வயதில் 7 மில்லிமீட்டர் இழந்திருந்தார்கள். ஒரு பல்லின் வேர் பொதுவாக 12 முதல் 16 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று புரியும்.

இந்த ஆய்வு இன்னோர் உண்மையையும் காட்டியது. அந்தத் தொழிலாளர்களுக்குப் பற்சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. வெள்ளையாக, ஓட்டையில்லாமல் இருந்த பற்களே ஈறு நோயால் விழுந்தன. என் பல்லில் ஓட்டை இல்லை, எனக்கு ஒன்றும் வராது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் தாத்தா சாம்பலில் பல் துலக்கி எண்பது வயது வரை கரும்பு கடித்தார் என்று சொல்கிறவர்கள் நம்மில் உண்டு. அந்தத் தாத்தா நோய் வளராத 11 விழுக்காட்டில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பல் துலக்கும்போதோ, கொய்யா போன்ற கெட்டியான பழத்தைக் கடிக்கும்போதோ இரத்தம் வருவது முதல் எச்சரிக்கை. இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது:

- ஈறு சிவந்து, வீங்கி, பளபளப்பாக இருப்பது
- பல் துலக்கிய பின்னும் வாய் நாற்றம் போகாமல் இருப்பது
- ஈறு கீழிறங்கிப் பல் நீண்டது போலத் தெரிவது
- பற்களுக்கு இடையில் புதிதாகச் சந்து விழுந்து உணவு சிக்குவது
- குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவது
- ஈறை அழுத்தினால் சீழ் வருவது
- பல் ஆடுவது அல்லது முன்பற்கள் விலகிப் போவது

புகைபிடிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புகை ஈறுக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், நோய் முற்றிய நிலையிலும் இரத்தம் வராமல் இருக்கலாம். இரத்தம் வரவில்லை என்பதால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இரட்டைக் கவனம்

நம் சமூகத்துக்கு இது மிக முக்கியமான பகுதி. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.

இனிப்பு நீரும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்க்கும். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறையும், புண் ஆறுவது தாமதமாகும், ஈறு நோய் வேகமாகப் பரவும். மறுபுறம், ஈறில் நீடிக்கும் அழற்சி உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. இதனால் மருந்து சாப்பிட்டும் சர்க்கரை இறங்காமல் நிற்கலாம்.

ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற இனிப்பு நீர் நோயாளிகளுக்கு, மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி எண் சில மாதங்களில் சராசரியாக 0.4 புள்ளி வரை குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டறிந்துள்ளனர். இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பல்லைச் சுத்தம் செய்வதால் மட்டுமே கிடைக்கும் பலன் அது. இதற்காகச் சர்க்கரை மருந்தைக் குறைக்கலாம் என்று யாரும் தாமாக முடிவு செய்யக் கூடாது.

எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது, பல்லில் கை வைத்தால் புண் ஆறாது என்று பயந்து கிளினிக்குக்குப் போகாமல் இருப்பவர்கள் அதிகம். உண்மையில் அவர்கள்தான் முதலில் போக வேண்டியவர்கள். மருத்துவர் சர்க்கரை அளவைக் கேட்டறிந்து அதற்கேற்ப சிகிச்சையைத் திட்டமிடுவார். சிகிச்சை நாளில் வழக்கம்போல் பசியாறி, மருந்தையும் எடுத்துக்கொண்டு, சர்க்கரைப் புத்தகத்தைக் கையோடு கொண்டு செல்வது நல்லது.

வெற்றிலை பாக்கும் வாயும்

வெற்றிலை போட்டால் பல் உறுதியாகும் என்ற நம்பிக்கை நம் பாட்டிமாரிடம் இன்றும் இருக்கிறது. பாக்கும் சுண்ணாம்பும் ஈறோரத்தில் தங்கி எரிச்சலூட்டும். காரை கூடும். பல்லில் ஏறும் கறை, அடியில் நடக்கும் நோயை மறைத்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வாய்ப்புற்று. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் ஆபத்து உண்டு. சேர்த்தால் ஆபத்து மேலும் கூடும். மலேசியாவில் 1993, 1994ஆம் ஆண்டுகளில் 11,697 பேரின் வாயைப் பரிசோதித்த நாடு தழுவிய ஆய்வில், புற்றாக மாறக்கூடிய வாய்ப் புண்களும் படைகளும் இந்தியர்களிடமே அதிகம் காணப்பட்டன. இந்தியர்களில் அது 4 விழுக்காடு, சீனர்களில் 0.5 விழுக்காடு மட்டுமே. அதன் பிறகு சுகாதார அமைச்சு வாய்ப்புற்றை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியபோது, தோட்டப்புற இந்தியர்கள் அதில் முக்கிய இலக்காக இருந்தார்கள்.

வெற்றிலை போடுகிறவர்கள், புகைபிடிப்பவர்கள், மது அருந்துபவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் படை, சிவப்புப் படை, கட்டி அல்லது புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. தொடக்க நிலையில் வாய்ப்புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

மருந்துகளும் கர்ப்பக் காலமும்

இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் அம்லோடிபின், நிபெடிபின் ஆகிய மாத்திரைகளும், வலிப்பு நோய்க்கான பெனிடோயினும் சிலருக்கு ஈறைத் தடித்து வளரச் செய்யும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரத்தக் கசிவு கூடுதலாக இருக்கும். இவற்றைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் பல் மருத்துவரிடம் காட்டினால், தேவைப்பட்டால் அவரே மற்ற மருத்துவரிடம் பேசுவார்.

கர்ப்பக் காலத்தில் உடலில் ஏற்படும் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பல் சுத்தம் செய்வது கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது. பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் வரை அதற்கு வசதியான காலம். அவசரமென்றால் எந்த மாதத்திலும் சிகிச்சை பெறலாம். கர்ப்பமாக இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்?

மருத்துவர் முதலில் மெல்லிய அளவுகோல் ஒன்றால் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பள்ளத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இருந்து இரத்தமும் வராவிட்டால் அது நல்ல நிலை. 4 அல்லது 5 என்றால் நோய் தொடங்கியிருக்கிறது என்று பொருள். 6க்கு மேல் போனால் பள்ளம் ஆழமாகிவிட்டது. எலும்பின் நிலையை அறிய எக்ஸ்ரே எடுக்கப்படும்.

சிகிச்சை படிப்படியாக நடக்கும். முதலில் வீட்டில் எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுத்து, ஈறுக்கு மேலுள்ள காரையை நீக்குவார்கள். பள்ளம் ஆழமாக இருந்தால், தேவைக்கேற்ப மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டிய காரையை எடுப்பார்கள். இது ஒரே நாளில் முடியாமல் சில வருகைகள் ஆகலாம். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பார்கள். ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதற்கு ஈறு நோய் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

அதோடு வேலை முடிந்துவிடாது. ஈறு நோய் ஒருமுறை வந்தவர்கள் மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடும்.

மருந்துக் கடையில் ஆண்டிபயோட்டிக் வாங்கி விழுங்குவதால் ஈறு நோய் தீராது. காரை அங்கேயே இருக்கும்போது மாத்திரையால் கிடைப்பது தற்காலிக நிம்மதிதான். குளோர்ஹெக்ஸிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து சிகிச்சைக் காலத்தில் உதவும். ஆனால் மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். நாக்கின் சுவையும் மாறும். மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சுத்தம் செய்தால் பல் ஆடிவிடுமா?

பலரைக் கிளினிக் பக்கம் போகவிடாமல் தடுப்பது இந்தப் பயம்தான். ஏற்கெனவே பிடிப்பு இழந்த பற்களைக் காரை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும் உண்மையான நிலை வெளியே தெரிகிறது. பல்லை ஆட வைத்தது நோய்தான். வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதால் பற்களுக்கு இடையே சந்து விழுந்தது போலத் தோன்றும். சில நாள் பல் கூசும். இவை ஈறு ஆறி வருவதன் அடையாளங்கள். பல்லின் எனாமல் தேய்ந்துவிடும் என்பதும் தவறான எண்ணம். அந்தக் கருவி அதிர்வால் காரையை உடைக்கிறது, பல்லைச் சுரண்டுவதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒரு நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரண்டில் ஒன்று கட்டாயம் இரவு படுக்கும் முன் இருக்க வேண்டும். தூங்கும்போது எச்சில் குறைவதால் கிருமிகள் பெருகும். இரவு வேலை செய்பவர்கள் காலையில் வீடு திரும்பித் தூங்கும் முன் துலக்க வேண்டும்.

மென்மையான நார் கொண்ட பிரஷே போதும். அதை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவுகளாகத் தேய்க்க வேண்டும். துணி துவைப்பது போல அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கும், வேர் தேயும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பகுதி என மூன்று பக்கமும் துலக்க வேண்டும். கீழ் முன்பற்களின் உட்புறத்தில்தான் காரை அதிகம் கட்டும். பலர் மறந்துவிடும் இடமும் அதுதான்.

பற்பசையில் புளோரைடு 1,000 முதல் 1,500 பி.பி.எம். வரை இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்கலாம். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தால் புளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். பிரஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றிவிடலாம்.

பற்களுக்கு இடையில் பிரஷ் நுழையாது. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நெருக்கமான பற்களுக்குப் பல் நூலும், சந்து உள்ளவர்களுக்கு இடைப்பல் பிரஷும் ஏற்றவை. ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். முதல் சில நாள் இரத்தம் வரலாம். பயந்து நிறுத்தாமல் தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். குறையாவிட்டால் உள்ளே காரை இருக்கிறது என்று பொருள்.

வேப்பங்குச்சி, உப்பு, கரி

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழி நம்மிடம் உண்டு. குச்சியின் முனையை நன்றாக மென்று நாராக்கிப் பொறுமையாகத் தேய்த்தால் பற்படலம் போகும் என்பது உண்மையே. ஆனால் உட்புறத்துக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் அது சரியாக எட்டாது. புளோரைடும் இல்லை. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் ஈறு கிழியும். குச்சியை விரும்புகிறவர்கள் இரவில் பிரஷும் புளோரைடு பசையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கரி, சாம்பல், செங்கல் தூள் ஆகியவை பல்லை அரைத்துவிடும். வெதுவெதுப்பான உப்பு நீர் வீக்கத்துக்கு இதமளிக்கும், காரையைக் கரைக்காது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் துலக்குவதற்கு ஈடாகாது. ஆடும் பல்லில் கிராம்பு எண்ணெய் தடவுவது வலியை மரக்கச் செய்யுமே தவிர நோயைத் தீர்க்காது.

குழாய் நீரில் புளோரைடு கலப்பதை மலேசியாவில் முதலில் தொடங்கிய இடம் ஜொகூர் பாரு என்பது பலருக்குத் தெரியாது. 1957இல் அங்கு அது தொடங்கியது. அந்தப் புளோரைடு பிள்ளைகளின் பற்களைச் சொத்தையிலிருந்து காக்கிறது. ஈறு நோயை அது தடுக்காது. அதற்குத் தினசரி சுத்தம் ஒன்றே வழி.

பிள்ளைகளும் முதியவர்களும்

முதல் பல் முளைத்த நாளிலிருந்தே துலக்கிவிட வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு பசை போதும். ஏழு எட்டு வயது வரை பெற்றோர் உடனிருந்து துலக்க உதவ வேண்டும்.

பள்ளியில் படிக்கும் வரை அரசாங்கப் பல் சிகிச்சைக் குழுவினர் பள்ளிக்கே வந்து பிள்ளைகளின் பற்களைப் பார்க்கிறார்கள். ஐந்தாம் படிவம் முடிந்து வேலைக்குப் போனதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. அதன்பின் பலர் பல் வலி வரும் வரை கிளினிக்கை எட்டிப் பார்ப்பதில்லை. ஈறு நோய் ஓசையின்றி வளர்வது இந்த இருபது முதல் நாற்பது வயதுக்குள்தான்.

முதியவர்கள் பொய்ப்பல் செட்டை இரவில் கழற்றி, பிரஷால் தேய்த்துக் கழுவி, நீரில் போட்டு வைக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டில் உள்ளவர்களே துலக்கிவிட வேண்டும். வாயில் சேரும் கிருமிகள் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும் ஆபத்து உண்டு.

எங்கே போகலாம்?

அரசாங்கப் பல் கிளினிக்குகளில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அடையாள அட்டையுடன் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று கேட்டால் பல் சிகிச்சைக்கான நாளும் நேரமும் கிடைக்கும். காத்திருக்கும் காலம் நீளமாக இருக்கலாம். அதனால் வலி வரும் முன்பே பதிந்துகொள்வது நல்லது. தனியார் கிளினிக்குகளில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். சிகிச்சைக்கு முன் எவ்வளவு, எத்தனை வருகை என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வீட்டிலும் ஒப்பனைக் கடையிலும் பல் கட்டுபவர்களிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. ஈறு நோயை மறைத்து மேலே பல் ஒட்டினால் உள்ளே சீழ் பிடிக்கும். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்தவர்கள் மட்டுமே சிகிச்சை தர முடியும். அவர்களின் ஆண்டுத் தொழில் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. பதிவு பெறாமல் தனியார் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 300,000 வெள்ளி வரை அபராதம், ஆறு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

புகையை விட விரும்புகிறவர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் எம்குவிட் சேவை உள்ளது. புகையை நிறுத்தினால் ஈறு சிகிச்சைக்கு நல்ல பலன் கிடைக்கும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

முகம் அல்லது தாடைக்கு அடியில் வீக்கம் பரவுதல், காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை சாதாரணப் பல் வலி அல்ல. கிருமி கழுத்துக்கு இறங்கியதற்கான அடையாளமாக இருக்கலாம். கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். உலு திராம் வட்டாரத்தினருக்கு ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் சுல்தானா அமினா மருத்துவமனையும் உள்ளன.

மற்ற எல்லாருக்கும் இன்றிரவே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. படுக்கும் முன் இரண்டு நிமிடம் துலக்கி, துப்பும்போது எச்சிலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் சிவப்பு மாறவில்லை என்றால், அடுத்த ஓய்வு நாளில் பல் கிளினிக்கில் நாள் குறித்துக்கொள்வதே சரி.